நனையாத முட்டை: யாங்கோன் கொல்லைப்புறக் கோழிவளர்ப்பில் தூய்மையின் அறிவியல்

யாங்கோன் நகரில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதைப்போல் இது கிட்டத்தட்ட இரு மடங்கு. அதில் மிகப் பெரும்பகுதி மே முதல் அக்டோபர் வரையிலான ஆறு மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுவதால், சுவரும் துணியும் அரிசி மூட்டையும் பூஞ்சணம் பூத்துக் கிடப்பது அங்கு ஆண்டுதோறும் காணும் நிலை. இன்செயின், மோபி, தன்லின் போன்ற பகுதிகளில் வீட்டைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கோழி வளர்ப்போருக்கும், ஊரை இன்றும் ரங்கூன் என்றே சொல்லும் தமிழ்க் குடும்பங்களுக்கும், முட்டையை எடுப்பது, துடைப்பது, நல்லதா என்று பார்ப்பது ஆகிய மூன்று வேலைகளும் ஒரே காரியத்தில் வந்து முடிகின்றன: இட்ட கணம் முதல் சட்டியில் உடைக்கும் கணம் வரை முட்டையை நனையவிடாமல் காப்பது. கண்ணுக்குத் தெரியும் அழுக்கைப் போக்க முட்டையைத் தண்ணீரில் கழுவுவது இயல்பான பழக்கமாகத் தோன்றினாலும், யாங்கோனின் காற்றும் நிலத்தடி நீரும் மின்வசதியும் இருக்கும் நிலையில், அந்தக் கழுவலே முட்டை கெடுவதற்கான வாசலைத் திறந்துவிடுகிறது.

கோழி இந்த ஈர நிலத்துக்கு அயலான பறவை அன்று. காட்டுக்கோழி, வீட்டுக்கோழி ஆகியவற்றின் 863 மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டு 2020-இல் வெளிவந்த ஆய்வொன்று, வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை செங்காட்டுக்கோழியின் ‘காலஸ் காலஸ் ஸ்பேடிசியஸ்’ என்னும் துணையினமே என்றும், அது மனிதரோடு வாழத் தொடங்கியது தென்மேற்குச் சீனம், வட தாய்லாந்து, மியன்மார் ஆகியவை சேர்ந்த நிலப்பரப்பில் என்றும் முடிவு கூறியது. பர்மியச் செங்காட்டுக்கோழி என்றே அத்துணையினத்துக்குப் பெயர் வழங்குகிறது. காட்டில் பெட்டை ஏறத்தாழ நாளுக்கொன்றாக முட்டையிட்டு, ஓர் ஈடு நிறைந்த பின்னரே அடையில் அமர்கிறது. ஈட்டின் முதல் முட்டை, தாயின் சூடு முழுமையாகக் கிடைப்பதற்கு முன், நுண்ணுயிர்கள் மலிந்த மண்ணின்மேல், சருகுப் படுக்கையில், பல நாட்கள் கெடாமல் காத்துக் கிடந்தாக வேண்டும். கொல்லையில் திரியும் நாட்டுக்கோழியும் ஈட்டுக்குப் பத்து முதல் பதினைந்து முட்டை என்ற அளவில் இட்டு, இடையில் அடைக்கு அமர்ந்து, அதே பழைய முறையைத்தான் பின்பற்றுகிறது. இந்தக் காத்திருப்புக்குத் தேவையான பாதுகாப்பு அனைத்தையும் கோழி முட்டைக்குள்ளும் ஓட்டின் மேலும் வைத்தே அனுப்புகிறது என்பதால், அந்தப் பாதுகாப்பு எத்தகையது என்பதை முதலில் காண்பது தகும்.

சினைப்பையிலிருந்து மஞ்சள் கரு விடுபட்டதற்கும் முட்டை வெளிவருவதற்கும் இடையே 24 முதல் 26 மணி நேரம் செல்கிறது. இதில் வெள்ளைக் கரு சூழ்வதற்கு மூன்று மணி நேரமும், அதனைப் பொதியும் இரு மெல்லிய சவ்வுகள் அமைவதற்கு ஒரு மணிக்குச் சற்று மேலும் ஆக, எஞ்சிய இருபது மணி நேரம் முழுவதும் ஓடு உருவாவதற்கே செலவாகிறது. ஏறத்தாழ முழுவதும் கால்சியம் கார்பனேட்டால் ஆன அந்த ஓட்டின் தடிப்பு 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர்தான், ஆயினும் அதனூடே 7,000 முதல் 17,000 வரை நுண்துளைகள் உள்ளன. உள்ளே வளரக்கூடிய குஞ்சு மூச்சுவிடுவதற்கான வழிகள் அவை. காற்று நுழையும் துளையில் நுண்ணுயிரியும் நுழையும் என்பதால், முட்டை வெளிவருவதற்கு முந்தைய ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில், க்யூட்டிக்கிள் எனப்படும் மேற்படலத்தைக் கோழியின் கருப்பை ஓட்டின்மேல் பூசுகிறது. புரதமும் சர்க்கரையும் பிணைந்த பொருளாலான இப்படலத்தின் சராசரித் தடிப்பு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவே. அது துளைகளின் வாயை அடைத்து நிற்கிறது. ஆனால் வாயுக்கள் மெல்ல ஊடுருவத் தடையாக இருப்பதில்லை. நீர் உட்புகுவதையும் பாக்டீரியா உட்புகுவதையும் மட்டும் தடுக்கிறது. புத்தம்புதிய முட்டையை விரலால் தடவும்போது தென்படும் பொடிபூத்த மங்கல் இந்தப் படலமே.

இட்ட மறுகணம் முட்டை ஈரமாக இருக்கிறது. மேற்படலம் காற்றில் உலர்ந்து இறுகச் சில நிமிடங்கள் தேவைப்படுகின்றன. அதே நிமிடங்களில் இன்னொரு மாற்றமும் தொடங்குகிறது. கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். வெளியே வந்த முட்டை ஆறத் தொடங்கியதும் உள்ளிருக்கும் கருக்கள் சுருங்க, ஓடு சுருங்காமல் நிற்க, அந்த வெற்றிடத்தை நிரப்ப வெளிக்காற்று துளைகள் வழியே உறிஞ்சப்படுகிறது. இரு சவ்வுகளும் மழுங்கிய முனையில் பிரிந்து அங்கே காற்றறை உருவாவது இவ்வாறுதான். மேற்படலம் இன்னும் இறுகாத, உள்ளிழுப்பு தொடங்கிவிட்ட அந்தச் சில நிமிடங்களில் முட்டை எதன்மேல் கிடக்கிறது என்பது அதன் பிற்கால நலனை வெகுவாகத் தீர்மானிக்கிறது. உலர்ந்த உமியின்மேல் கிடந்தால் உள்ளே செல்வது காற்று. மழையில் நனைந்து எச்சம் கலந்த வைக்கோலின்மேல் கிடந்தால், காற்றோடு சேர்ந்து அந்தக் கழிவுநீரும் உள்ளே இழுபடுகிறது. கூட்டில் நேரும் இந்தத் தவறைப் பின்னர் எவ்வளவு துடைத்தாலும் சரிசெய்ய இயலாது.

ஆகவே முட்டை எடுக்கும் கலை, முட்டையிடும் இடத்தைப் பேணுவதில் தொடங்குகிறது. யாங்கோனின் ஓரப் பகுதிகளில் மூங்கிலாலும் மரத்தாலும் கால் நட்டு உயர்த்திக் கட்டிய வீடுகளின் அடியில் கோழிகள் ஒதுங்குவது பழைய வழக்கம். கோடையில் அது நல்ல நிழல், மழைக்காலத்தில் சேற்றுக்குழி. முட்டையிடும் கூடைகளைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்காவது தூக்கி, மழைச் சாரல் படாத, சற்று இருண்ட மூலையில் வைத்தால் கோழி அதை நாடி வரும். நான்கைந்து கோழிக்கு ஒரு கூடை போதும். அடியில் உமியோ வைக்கோலோ பரப்பலாம் என்றாலும், மழை மாதங்களில் வைக்கோல் ஈரத்தை உறிஞ்சி உள்ளுக்குள் பூஞ்சணம் பிடித்துவிடுவதால், காய்ந்த உமியே மேலானது; கையில் அள்ளினால் ஒட்டாமல் உதிரும் பதம் போனதும் அதை மாற்றிவிட வேண்டும். இரவில் கோழி கூடைக்குள் அடைந்தால் விடியும்போது கூடை முழுதும் எச்சமாக இருக்கும். உறங்குவதற்கெனக் கூடையைவிட உயரத்தில் ஒரு கழி கட்டிவிட்டால், உயர்ந்த இடத்தை நாடும் இயல்பினால் கோழிகள் அங்கேயே அடையும். கூடைக்கு வரும் வழியில் இரண்டடி தூரத்துக்கு மூங்கில் தட்டியோ கற்களோ பரப்புவது மிகச் சிறிய ஏற்பாடுதான். ஆயினும் மழை நாளில் முட்டையின்மேல் படியும் சேற்றில் பெரும்பங்கு கோழியின் கால் வழியாகவே வருகிறது என்பதால், அதன் பயன் உடனே கண்ணுக்குத் தெரியும்.

பெரும்பாலான கோழிகள் முற்பகலிலேயே இட்டுவிடுவதால், காலை பத்து மணியளவில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் எடுப்பது போதுமானது. ஏப்ரலில் இன்னும் ஒரு முறை கூட்டுவது நல்லது. ஏப்ரலைத் தனித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பகல் வெப்பம் 37 டிகிரியை எட்டும் அம்மாதத்தில், வியர்வைச் சுரப்பிகள் இல்லாத கோழி அலகைத் திறந்து இரைத்து இரைத்து உடலைக் குளிர்விக்கிறது. அவ்வாறு இரைக்கும்போது இரத்தத்திலுள்ள கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. ஓட்டுக்குத் தேவையான கார்பனேட் அந்த வாயுவிலிருந்தே உருவாவதால், தீனியில் சுண்ணாம்புச் சத்து குறையாமல் இருந்தும் மெல்லோட்டு முட்டைகளும் தோல்முட்டைகளும் வரத் தொடங்குகின்றன. நிழலும் குளிர்ந்த குடிநீரும் இதற்கு முதல் மருந்து. இடித்த கிளிஞ்சல் அடுத்தது. மெல்லோட்டு முட்டை கூடையில் மற்றொன்றோடு இடித்து விரிசல் காண்பதற்கு முன் எடுத்துவிடுவதே அடிக்கடி சேகரிப்பதன் நோக்கம்.

அடுத்தது கழுவும் கேள்வி. இங்கு உலகமே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள், கடைக்கு வரும் முதல் தர முட்டையைக் கழுவுவதைப் பொதுவாகத் தடுக்கின்றன. மேற்படலம் சிதையும் என்பதே காரணம். அமெரிக்காவில் வணிக முட்டைகள் கழுவப்படுகின்றன. ஆனால் அங்கும் கழுவுநீர் குறைந்தது 32 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், முட்டையைவிட 11 டிகிரியேனும் சூடாக இருக்க வேண்டும், கழுவிய முட்டை உடனே உலர்த்தப்பட்டு ஏறத்தாழ 7 டிகிரிக்கு மேற்படாத குளிரில் தொடர்ந்து வைக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனைகள் உள்ளன. வெப்பம் பற்றிய நிபந்தனையின் காரணம் முன்னர்ச் சொன்ன அதே இயற்பியல்தான்: குளிர்ந்த நீரில் இட்ட வெதுவெதுப்பான முட்டை சுருங்கி, துளைகள் வழியே நீரை உறிஞ்சுகிறது. இங்கிலாந்தில் ஹெய்ன்ஸ், மோரான் ஆகிய இருவரும் 1940-இல் வெளியிட்ட ஆய்வு, சூடான முட்டையைப் பாக்டீரியா கலந்த குளிர்நீரில் அமிழ்த்தினால் அவை ஓட்டைக் கடந்து உள்ளே செல்வதைக் காட்டியது. யாங்கோனின் அறை வெப்பமான 30 டிகிரியில் இருக்கும் முட்டைக்கு, அந்தக் கணக்குப்படி, 41 டிகிரிக்கு மேற்பட்ட நீர் தேவை. தொட்டியிலிருந்தோ மண்பானையிலிருந்தோ மொண்டு ஊற்றும் தண்ணீர் அதற்கு நேர்மாறானது. அமெரிக்க முறையில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, குளிர்பதனத் தொடரை விட்டுவிட்டுக் கழுவுவது இரு முறைகளின் குறைகளையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்வதாகும்.

யாங்கோனுக்கே உரிய இன்னொரு காரணமும் இதில் உண்டு. அது அதிகம் பேசப்படாதது. நகரத்தின் குழாய்நீர் 1904-இல் அமைந்த லோகா நீர்த்தேக்கம், 1940-இன் ஜோபியூ நீர்த்தேக்கம், அவற்றுக்குப் பின்னர் வந்த பூஜி, ஙமோயெய்க் ஆகியவற்றிலிருந்து வருகிறது. அது எல்லா வீடுகளையும் எட்டாததால், ஏராளமான குடும்பங்கள் ஆழ்துளைக் கிணற்றையே நம்பியுள்ளன. இக்கிணறுகள் பலவற்றின் நீரில் இரும்பு மிகுதி. இறைக்கும்போது கண்ணாடிபோல் தெளிந்திருக்கும் அந்த நீர், பாத்திரத்தில் சற்று நேரம் நின்றதும் பழுப்பேறி அடியில் செம்மண்டியாகப் படிகிறது. நிலத்தடியில் உயிர்வளி இல்லாத இடத்தில் கரைந்த நிலையில் இருந்த இரும்பு, மேலே வந்து காற்றுப் பட்டதும் கரையாத துருவாக மாறுவதே இந்த நிறமாற்றம். குளிக்கவும் துணி துவைக்கவும் இந்த நீர் தொல்லை தருவது எல்லோரும் அறிந்தது; முட்டைக்கு இது செய்யும் தீங்கு வேறு வகையானது.

முட்டையின் வெள்ளைக் கரு வெறும் ஊட்டச்சத்து அன்று. அது ஒரு காவல் திரவம். பெனிசிலினைக் கண்டறிவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1922-இல், அலெக்சாண்டர் பிளெமிங் விவரித்த லைசோசைம் என்னும் நொதி வெள்ளைக் கருவில் செறிந்துள்ளது. அது ஒருசார் பாக்டீரியாக்களின் சுவரைக் கரைத்து உடைக்கிறது. இட்டபோது நடுநிலைக்கு அருகிலிருக்கும் வெள்ளைக் கரு, சில நாட்களில் கார்பன் டை ஆக்சைடை இழந்து காரத்தன்மை மிகுந்து 9-ஐத் தாண்டிய பி.எச். அளவை எட்டுவதும் கிருமிகளுக்கு ஒவ்வாத நிலையே. ஆனால் எல்லாவற்றினும் நுட்பமானது ஓவோடிரான்ஸ்பெரின் என்னும் புரதத்தின் வேலை. பாக்டீரியா பெருக இரும்பு இன்றியமையாதது. இப்புரதம் வெள்ளைக் கருவில் உள்ள இரும்பை ஒன்றுவிடாமல் கவ்விக்கொண்டு, உள்ளே நுழைந்த பாக்டீரியாவைப் பட்டினி போடுகிறது. ஷேட், கரோலைன் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1944-இல், வெள்ளைக் கரு பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுப்பதையும், சிறிதளவு இரும்பு சேர்த்ததும் அந்தத் தடை நீங்கிவிடுவதையும் காட்டினர். இரும்பு கலந்த நீரில் முட்டையைக் கழுவுவது, எனவே, படையெடுத்து வரும் நுண்ணுயிரிகளுக்குக் கட்டுச்சோறும் சேர்த்து அனுப்புவதாகும். முட்டை கழுவும் நீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கலாகாது என்று அமெரிக்க விதிகள் தனியாக வரம்பு கட்டியதற்கு இந்த அறிவே அடிப்படை. செம்மண்டி படியும் கிணற்று நீரை முட்டையிடமிருந்து விலக்கி வைப்பதே யாங்கோன் வீடுகளுக்கு உகந்தது. ஆற்றுக்கு அக்கரையிலுள்ள டலாவில் நிலத்தடி நீர் உப்பாக இருப்பதால் மக்கள் குளத்து நீரை நம்புகின்றனர். அங்கு இரும்புக்குப் பதிலாகக் குளத்தின் நுண்ணுயிரிகளே கவலை.

கழுவாமல் துடைப்பது எப்படி? மணல் ஒட்டியதோ உமித்தூசு படிந்ததோ ஆனால் உலர்ந்த பருத்தித் துணியால் மெல்ல ஒற்றி எடுத்தாலே போதும். காய்ந்து ஒட்டிய எச்சத்தை, மிக நைசான உப்புத்தாள் துண்டை விரலில் சுற்றிக்கொண்டு, அழுக்குப் பட்ட இடத்தை மட்டும், ஒரே திசையில் இரண்டு மூன்று இழுப்பில் சுரண்டி எடுக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் அழுக்குத் தூளே நல்ல துளைகளுக்குள் அழுந்தும். சுரண்டிய இடத்தில் மங்கல் போய்ப் பளபளப்புத் தெரிந்தால் அங்கே மேற்படலம் இல்லை என்று பொருள். அம்முட்டையைப் பென்சிலால் ஒரு கோடிட்டு அன்றைக்கே சமைக்க ஒதுக்குவது முறை. ஈரமான எச்சம் பட்ட முட்டையை உடனே துடைக்கப் போனால் அழுக்கு ஓடு முழுதும் பரவும். ஓட்டில் கால் பங்குக்கு மேல் அழுக்கேறியதை வைத்துக்கொள்ளும் ஆசையை விட்டுவிடுவதே நல்லது. கொதிக்கவைத்து ஆறிய வெந்நீரில், கைபொறுக்கும் சூட்டில், துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, உலர்த்தி, அதே நாளில் நன்றாக வேகவைத்துத் தீர்த்துவிடலாம். எந்த நிலையிலும் முட்டையை நீரில் ஊறவிடலாகாது. கண்ணாலேயே தெரியும் விரிசலோடு, உள்ளே ஈரம் கசிந்து நிற்கும் முட்டையைப் புறந்தள்ள வேண்டும்.

சேமிப்பைப் பொறுத்தவரை, யாங்கோனில் குளிர்சாதனப் பெட்டி நண்பனாகவும் பகைவனாகவும் இருக்கிறது. குளிரில் முட்டை வெகுநாள் நிற்கும் என்பது உண்மை; 30 டிகிரியில் ஒரு நாளில் தளரும் வெள்ளைக் கரு, 5 டிகிரியில் அதே அளவு தளர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஆனால் ஜூலை மாதத்தில் 28 டிகிரியும் 90 விழுக்காட்டு ஈரப்பதமும் உள்ள காற்று, 26 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீராகப் படியத் தொடங்கிவிடும். பெட்டியிலிருந்து வெளியே எடுத்த முட்டை சில நொடிகளில் வியர்த்துவிடுவது அதனால்தான். அந்த ஈரப்படலத்தில் ஓட்டின்மேல் உறங்கிக் கிடந்த நுண்ணுயிரிகள் விழித்தெழுகின்றன. நாளுக்குப் பலமுறை மின்சாரம் போய்வரும் வீட்டில் பெட்டிக்குள்ளேயே இந்த வியர்வை மீண்டும் மீண்டும் நிகழக்கூடும். நிலையான குளிர் கிடைக்காத வீட்டில் முட்டையைப் பெட்டிக்குள் வைத்து எடுத்து வைத்து எடுப்பதைவிட, காற்றோட்டமுள்ள நிழலான தட்டில், கூர்முனை கீழாக நிறுத்தி, எடுத்த தேதியைப் பென்சிலால் எழுதி, ஏழெட்டு நாட்களுக்குள் பயன்படுத்திவிடுவது பாதுகாப்பானது. மழுங்கிய முனை மேலே இருந்தால் காற்றறை தன் இடத்திலேயே நிலைத்திருக்கும். தலைகீழாக வைத்தால் காற்று மேலெழ முயன்று உட்சவ்வு தளரும்.

இனி, சோதனை. தண்ணீரில் இட்டு மிதக்கிறதா என்று பார்ப்பதே பலர் அறிந்த முறை. புதிய முட்டை நீரைவிட அடர்த்தி மிகுந்தது. ஆகவே படுத்தவாறு மூழ்கும். நாளாக ஆக உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேற, காற்றறை பெருத்து, முதலில் மழுங்கிய முனை தூக்கி நிற்கும், பின்னர் மிதக்கும். இந்தச் சோதனை உண்மையில் அளப்பது முட்டை இழந்த நீரின் அளவையே. வயதை அது ஊகமாகத்தான் காட்டுகிறது. அந்த ஊகம் யாங்கோனின் மழைக்காலத்தில் பிழைத்துவிடுகிறது. நீர் ஆவியாகும் வேகம் காற்றின் வறட்சியைப் பொறுத்தது. 35 டிகிரியும் 50 விழுக்காட்டு ஈரப்பதமும் உள்ள ஏப்ரல் பிற்பகலின் காற்று, 28 டிகிரியும் 90 விழுக்காடும் உள்ள ஜூலைக் காற்றைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு வேகத்தில் முட்டையிலிருந்து நீரை இழுக்கும். ஆகவே மழைக்காலத்தில் பல நாள் ஆன, வெள்ளைக் கரு நீர்த்துப்போன முட்டையும் புதியதுபோல் அடியில் படுத்திருக்கக்கூடும். கிருமி இருக்கிறதா என்பதையோ இச்சோதனை ஒருபோதும் சொல்வதில்லை. செய்வதானால் உடைப்பதற்குச் சற்று முன் செய்யலாம். மூழ்கி எழுந்த முட்டையை மீண்டும் தட்டில் வைப்பது, இதுவரை காத்த உலர்வை வீணாக்குவதாகும்.

ஒளியில் பார்ப்பதே நம்பத்தக்க முறை. இருட்டறையில், அட்டையில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய துளையிட்டு, பின்னால் கைவிளக்கையோ கைப்பேசி விளக்கையோ வைத்து, முட்டையின் மழுங்கிய முனையைத் துளையில் பொருத்திச் சற்றே சாய்த்துச் சுழற்ற வேண்டும். முதலில் காற்றறை தெரியும். அதன் ஆழம் 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் மிகப் புதியது, ஐரோப்பிய விதிகள் முதல் தரத்துக்கு 6 மில்லிமீட்டர் வரை இடம் தருகின்றன. சுழற்றும்போது மஞ்சள் கரு மங்கிய நிழலாக, தயங்கித் தயங்கி நகர்ந்தால் வெள்ளைக் கரு கெட்டியாக உள்ளது. கூர்மையான விளிம்போடு விரைந்து உருண்டால் நீர்த்துவிட்டது. மயிரிழை விரிசல்கள் வெண்கோடாகப் பளிச்சிடும். ஓட்டின் உட்புறத்தில் கரும்புள்ளிகள் ஒட்டியிருந்தால் பூஞ்சணம் துளை வழியே இறங்கிவிட்டது. மழை மாதங்களில் இது அரிதன்று. மஞ்சள் கருவருகே தனித்த சிறு இரத்தப்புள்ளி மட்டும் தெரிந்தால், கரு விடுபடும்போது சினைப்பையில் நுண்குழல் ஒன்று அறுந்ததன் தடம் அது, சமைப்பதற்குத் தடையில்லை.

சேவலோடு திரியும் கோழிகளின் முட்டையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கருவுற்ற முட்டையில் வளர்ச்சி 37.5 டிகிரியில் முழு வேகத்தில் நடக்கும் என்றாலும், ஏறத்தாழ 21 டிகிரிக்கு மேல் செல்கள் மெல்லப் பிரியத் தொடங்கிவிடுகின்றன. யாங்கோனில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான இரவுகளைத் தவிர மற்றக் காலமெல்லாம் பெரும்பாலும் காற்று அதைவிடச் சூடு. அரைகுறைச் சூட்டில் தொடங்கிய வளர்ச்சி சில நாட்களில் இறந்துபோக, மஞ்சள் கருவைச் சுற்றி இரத்தவளையம் உருவாகிறது. பார்த்த மாத்திரத்தில் ஒதுக்க வேண்டிய அடையாளம் அது. அடைக்கோழி ஒன்று மற்றக் கோழிகள் இடும் கூடையிலேயே அமர்ந்துவிட்டால் இத்தகைய முட்டைகள் பெருகும் என்பதால், அடைக்கு வைத்த முட்டைகளில் பென்சில் வளையமிட்டு, பிந்தி வந்து சேரும் குறியில்லாதவற்றை அன்றன்றே எடுப்பது சிற்றூர்களில் பல தலைமுறைகளாக நடப்பதுதான். முட்டை உணவுக்கு மட்டும் என்றால் சேவலைப் பிரித்துவிடலாம். பெட்டை முட்டையிடுவதற்குச் சேவல் தேவையில்லை.

இரும்பும் பாக்டீரியாவும் பற்றி முன்னர்ச் சொன்னது ஒளிச்சோதனையில் வியக்கத்தக்க விதத்தில் திரும்பத் தோன்றுகிறது. முட்டையை அழுகச் செய்யும் சூடோமோனாஸ் வகைப் பாக்டீரியாக்கள், ஓவோடிரான்ஸ்பெரினிடமிருந்து இரும்பைப் பறிக்கவே பையோவெர்டின் என்னும் நிறமியைச் சுரக்கின்றன. இந்நிறமி புறஊதா ஒளியில் பச்சையாக மிளிரும். சாதாரண விளக்கில் பழுதற்றதாகத் தெரியும் முட்டை, கள்ளநோட்டைக் கண்டறியப் பயன்படும் புறஊதா விளக்கின் முன் பச்சொளி வீசினால், உள்ளே இரும்புக்கான போட்டியில் பாக்டீரியா வென்றுவிட்டது என்று அறியலாம்.

விளக்குக்கு அகப்படாதவையும் உண்டு. சால்மொனெல்லா என்டெரிடிடிஸ் என்னும் பாக்டீரியா, ஓடு உருவாவதற்கு முன்னரே கோழியின் சினைப்பை வழியாக உள்ளே குடியேறக்கூடியது. அமெரிக்க மதிப்பீடு ஒன்று இதனை 20,000 முட்டைக்கு ஒன்று என்று கணித்தது. அத்தகைய முட்டை பார்வைக்கும் மணத்துக்கும் நல்ல முட்டையே. குளிர்பதனம் நிச்சயமில்லாத இடத்தில், வெள்ளையும் மஞ்சளும் இறுகும் வரை, அதாவது உள்வெப்பம் 71 டிகிரியைக் கடக்கும் வரை வேகவைப்பதே இதற்குத் தீர்வு. யாங்கோன் காலை உணவான மொகிங்காவின் மேல் நன்றாக வெந்த முட்டையை அரிந்து இடும் வழக்கம் இவ்வகையில் அறிவுடையது, குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் தரும் அரைவேக்காட்டு முட்டை அவ்வாறன்று. வேகவைத்தாலும் போகாதது காரீயம். சிட்னி நகரில் 2022-இல் வெளியான ஆய்வு, கொல்லைப்புறக் கோழிகளின் முட்டைகளில் காரீயத்தின் சராசரி அளவு கடை முட்டைகளைப்போல் 40 மடங்கு இருப்பதைக் கண்டது. பழைய சாயம் உதிர்ந்த மண்ணைக் கோழி கிளறித் தின்றதே மூலம். பழைய கட்டடங்களின் சுவரோரத்தையும், பேட்டரி பழுதுபார்க்கும் இடத்தின் அக்கம்பக்கத்தையும் கோழிகளுக்கு மறித்து வைப்பது எந்த நகரத்துக்கும் பொருந்தும்.

பறவைக் காய்ச்சலை இந்நகரம் நேரில் கண்டிருக்கிறது. மியன்மாரில் எச்5என்1 வைரஸ் 2006 மார்ச்சில் மண்டலே, சகாயிங் பகுதிகளில் தோன்றி, 2007-இல் யாங்கோன் புறநகர்க் கோழிகளையும் தாக்கியது. அவ்வாண்டு டிசம்பரில் ஷான் மாநிலத்தின் கெங்டுங்கைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுமிக்குத் தொற்றியது நாட்டின் முதல் மனிதத் தொற்றாக உறுதிசெய்யப்பட்டது. அவர் உயிர் பிழைத்தார். நோயுற்ற கோழியின் எச்சத்தில் வைரஸ் செறிந்திருப்பதோடு, அது இடும் முட்டையின் உள்ளும் புறமும் வைரஸ் இருக்கக்கூடும். ஆகவே இரண்டு மூன்று நாட்களுக்குள் கோழிகள் அடுத்தடுத்து மடிந்தால், அல்லது முட்டையிடுவது திடீரென்று நின்று ஓடுகள் உருக்குலைந்து வந்தால், அந்தக் கூடைகளிலுள்ள முட்டைகளைத் துடைப்பதும் ஒளியில் பார்ப்பதும் வீண். அவற்றைக் கையுறையோடோ கையில் நெகிழிப் பையைச் சுற்றிக்கொண்டோ எடுத்து, இறந்த கோழிகளோடு ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்து, கூடையின் உமியை எரித்து, கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, வட்டாரக் கால்நடை அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அலுவலர் வந்து பார்த்துச் செல்லும் வரை பிழைத்த கோழிகளையும் அவற்றின் முட்டைகளையும் சந்தைக்கோ உறவினர் வீட்டுக்கோ கொண்டுபோகலாகாது.